பெயர் எழுதிய பூசணிக்காய்

நான் முதியோர் இல்லத்து வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வருடம், அங்கே புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு தமிழ்ப் பெண் தேநீர் இடைவேளையில் என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். இலையுதிர்கால விடுமுறைக்குப் பிள்ளைகளைப் பூசணித் தோட்டத்துக்குக் கூட்டிப்போகலாமா, குடும்பமாகப் போய் வருவதில் ஏதும் பிரயோசனம் இருக்கிறதா என்று. நான் வழக்கம் போலக் கிண்டலாகத்தான் பதில் சொன்னேன். குளிரில் நடுங்கி, சப்பாத்தெல்லாம் சேறாக்கி, கடையில் கிடக்கிற அதே காயைக் கையால் பிடுங்கினோம் என்று நாலு படம் எடுத்துக்கொண்டு வருவதற்கு ஒரு பயணமா என்றேன். அவள் சிரித்துவிட்டுக் கோப்பையைக் கழுவப் போனாள்.

அவளுக்கு அதற்கு மேல் நான் சொல்லவில்லை. பூசணித் தோட்டம் என்றால் எனக்கு ஒரு சனிக்கிழமைதான் நினைவுக்கு வரும். எண்பத்தாறாம் ஆண்டு செப்டெம்பர் மாதம். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வரும். அந்தக் கோபம் யார் மேல் என்று கேட்டால், முக்கால்வாசியும் என் மேல்தான்.

அதற்கு முந்திய வருடக் கோடையில்தான் நானும் மகளும் டென்மார்க்கில் வைலே நகருக்கு வந்து சேர்ந்தோம். என் கணவர் எங்களுக்கு முன்பே வந்து, கோழி இறைச்சித் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்துகொண்டிருந்தார். நான் யாழ்ப்பாணத்தில் ஆறு வருடம் ஆசிரியையாக இருந்தவள். அரிவரி வகுப்பு. மணலில் விரலைப் பிடித்து எழுத வைப்பதிலிருந்து, பிள்ளை தானாக ஒரு பக்கம் வாசிக்கும் வரைக்கும் என் பொறுப்பு. என்னிடம் படித்து வாசிக்கத் தெரியாமல் ஒரு பிள்ளை மேல் வகுப்புக்குப் போனதில்லை என்று எனக்குக் கொஞ்சம் மண்டைக் கனமும் இருந்தது. ஒளிப்பானேன்.

மகளுக்கு அப்போது ஆறு வயது. ஊரிலிருந்து கொழும்புக்கு நாங்கள் வந்த பயணம் லேசான பயணமல்ல. வழியெல்லாம் இறக்கி ஏற்றிச் சோதித்தார்கள். பிள்ளை எதையாவது உளறிவிடுமோ என்று எனக்குப் பயம். புறப்படும்போதே அவளை மடியில் இருத்திச் சொன்னேன்: "தமிழ் கதைக்காத ஆர் வந்து என்ன கேட்டாலும் நீ வாய் திறக்கக் கூடாது. அம்மா பாத்துக்கொள்ளுவன்." அவள் தலையாட்டினாள். சொன்னது போலவே இருந்தாள். துவக்கோடு நின்ற ஒருவன் குனிந்து கன்னத்தைத் தட்டிப் பெயர் கேட்டபோதும் அவனைப் பார்த்துக்கொண்டு பேசாமல் நின்றாள். அன்றைக்கு அவளை நினைத்து எனக்குப் பெருமையாக இருந்தது.

டென்மார்க்குக்கு வந்த பிறகும் அவள் அந்தச் சொல்லைக் காப்பாற்றினாள். வீட்டுக்குள் எங்களோடு தமிழில் கதைப்பாள், சண்டை பிடிப்பாள், கதை சொல்லச் சொல்லி உயிரை வாங்குவாள். கதவுக்கு வெளியே கால் வைத்தால் வாயில் கொழுக்கட்டை வைத்தது போல ஆகிவிடுவாள். பாடசாலையில் பாலர் வகுப்பு ஒரு வருடம் முழுக்க அவளுடைய குரலை ஒருவரும் கேட்கவில்லை. சொல்வது விளங்காமல் இல்லை. எடு என்றால் எடுப்பாள், ஓடு என்றால் ஓடுவாள். மற்றப் பிள்ளைகளுக்குப் பாலும் பழமும் பகிர்ந்து கொடுப்பாள். பேச மட்டும் மாட்டாள். இனிப் பயமில்லை, இங்கே ஆரோடும் கதைக்கலாம் என்று நான் நூறு தரம் சொல்லியிருப்பேன். போட்ட பூட்டு நான் போட்டதுதான். திறப்பு என் கையில் இல்லை.

முதலாம் வகுப்புத் தொடங்கியதும் பாடசாலையில் எங்களைக் கூப்பிட்டார்கள். மொழிபெயர்க்க ஒரு அண்ணையை ஒழுங்கு செய்திருந்தார்கள். உளவியலாளர் ஒருவர் மேசையில் தாள்களைப் பரப்பி வைத்துக்கொண்டு, பிள்ளைக்கு வளர்ச்சியில் ஏதோ குறை இருக்கலாம், பக்கத்து நகரமான கோல்டிங்கில் இதற்கென்று ஒரு விசேட வகுப்பு இருக்கிறது, தினமும் டாக்சி வந்து கூட்டிப்போகும் என்றார். அவர் தன்மையாகத்தான் சொன்னார். எனக்குத்தான் தலையில் கல்லைப் போட்டது போல இருந்தது. என் மகள் ஐந்து வயதில் பத்திரிகைத் தலைப்பை எழுத்துக் கூட்டி வாசித்தவள். அதை அந்த அண்ணை டேனிஷில் சொன்னபோது உளவியலாளர் புன்னகைத்து எதையோ குறித்துக்கொண்டார். தாய்மார் எல்லாரும் இப்படித்தான் சொல்வார்கள் என்று குறித்திருப்பார்.

முடிவெடுப்பதற்கு மறு கூட்டம் ஒன்று வைத்தார்கள். அதற்கு முந்திய சனிக்கிழமைதான் மகளுடைய வகுப்புப் பிள்ளைகள் குடும்பத்தோடு போகும் பூசணித் தோட்டப் பயணம். வகுப்பு ஆசிரியை நல்ல மனுசி. முதல் கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாக மெதுவாகச் சொன்னார். தாய் பக்கத்தில் இருந்தால் பிள்ளை திறந்தவெளியில் ஒரு வார்த்தையாவது பேசக்கூடும். ஒரே ஒரு வார்த்தை பேசினாலும் போதும், என் காதால் கேட்டேன் என்று நான் எழுதிக் கொடுப்பேன். இதுதான் அவர் சொன்னதன் சாரம். மற்றக் குடும்பங்களுக்கு அது ஒரு பொழுதுபோக்கு. எனக்கு அது பரீட்சை.

அந்தத் தோட்டம் ஊருக்கு வெளியே ஒரு வயதான கமக்காரத் தம்பதியுடையது. அந்த வகுப்புப் பிள்ளைகள் வசந்தத்தில் அங்கே போய் ஆளுக்கொரு பூசணி விதை ஊன்றியிருந்தார்கள். கோடை விடுமுறை முடிந்ததும் மறுபடி போய், பிஞ்சின் தோலில் ஆணியால் தங்கள் பெயரைக் கீறி விட்டிருந்தார்கள். காய் வளர வளர அந்தக் கீறலும் தழும்பாகி வளருமாம். இப்போது குடும்பத்தோடு வந்து, பெயரைத் தேடிப்பிடித்து, அவரவர் காயை அறுத்துக்கொண்டு போக வேண்டும். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் முழுதாக விளங்கியது. மகள் வீட்டில் இதைப்பற்றி ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. பாடசாலையில் நடப்பதை அவள் வீட்டுக்குக் கொண்டு வருவதில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் பூசணிக்காய் பிடுங்கப் போகிறோம் என்பது மட்டும்தான்.

கணவருக்கு அன்று சனிக்கிழமை வேலை. போக முதல் சொன்னார், "நீர் பிள்ளையைப் போட்டு நெருக்காதேயும். விட்டுப் பிடியும்." நான் சரி என்று சொல்லிவிட்டு, அவர் போனதும் நெருக்கத்தான் செய்தேன். அவளுக்குத் தலை இழுத்துப் பின்னிக்கொண்டே சொன்னேன், ஒரு 'ஹாய்' சொன்னால் போதும், அந்த ரீச்சரைப் பார்த்து ஒரே ஒரு 'ஹாய்'. கண்ணாடியில் என்னைப் பார்த்துத் தலையாட்டினாள். ஆசிரியை தன் காரில் வந்து எங்களை ஏற்றிக்கொண்டு போனார். காரில் ஏறும்போது மகள் அவரைப் பார்த்தாள், வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள்.

தோட்டத்தில் இருபது குடும்பம் இருக்கும். நீள மேசை போட்டுக் கோப்பியும் பணிசும் வைத்திருந்தார்கள். தகப்பன்மார் பிள்ளைகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு திரிந்தார்கள். எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். சிரிப்பு முடிந்ததும் அவர்களுக்கும் எனக்கும் சொல்ல ஒன்றுமில்லை. வயல் தொடங்கும் இடத்தில் பலகை ஒன்று நட்டு மூன்று வரி எழுதியிருந்தது. அதைப் பார்த்தேன். அப்போது மொழிப் பாடசாலைக்கு ஒரு வருடம் போயிருந்தேன். நின்று எழுத்துக் கூட்டியிருந்தால் பாதியாவது விளங்கியிருக்கும். ஆனால் மகள் கூட்டத்தோடு முன்னே போய்க்கொண்டிருந்தாள், அவள் வாய் அசைகிறதா என்று பார்ப்பதே எனக்கு வேலையாக இருந்தது. பலகையை வாசிக்கவில்லை.

ஒரு மணித்தியாலம் போனது. அவள் தன் காயைக் கண்டுபிடித்தாள். நல்ல மஞ்சள் காய், அவள் பெயர் அதில் தழும்பாகத் தடித்து நின்றது. ஆசிரியை பக்கத்தில் குந்தியிருந்து, இது யாருடையது, எவ்வளவு பெரியது, என்ன நிறம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அவள் விரலால் காட்டினாள். நான் பின்னால் நின்று தமிழில், "சொல்லு பிள்ளை, மஞ்சள் எண்டு சொல்லு" என்றேன். குரல் கொஞ்சம் கடுமையாகத்தான் வந்திருக்கும். அவள் குனிந்துகொண்டாள். ஆசிரியை என்னைப் பார்த்து, நீங்கள் கொஞ்சம் நடந்துவிட்டு வாருங்கள் என்று கையால் காட்டினார். பெற்ற பிள்ளையிடமிருந்து என்னைத் தள்ளிப் போகச் சொல்கிறார்களே என்று எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. கையில் இருந்த வெறும் பையோடு வயலுக்குள் இறங்கினேன்.

அங்கேதான் அந்தக் கொடிகளைக் கண்டேன். அந்த வருடம் பனி பிந்திவிட்டது போல. கொடியெல்லாம் இன்னும் பச்சையாக ஓடிக்கொண்டிருந்தது. நுனியெல்லாம் கொழுந்து. பூக்கள். இடையிடையே முஷ்டியளவு பிஞ்சுகள். நான் ஒரு பிடி வாடாத பச்சை இலையை வறை வறுத்து வருடம் ஒன்றுக்கு மேலாகிவிட்டது. வைலேயில் அப்போது எங்கள் சமையலுக்கு என்று கீரை ஏது? மாதம் ஒருக்கால் தலைநகருக்குப் பக்கத்தில் இருக்கும் டோஸ்ட்ருப்பிலிருந்து யாராவது கொண்டு வந்தால் உண்டு. அதுவும் வாடி வரும். பூசணிக் கொடியின் நுனியைக் கிள்ளுவதை எங்கள் பக்கத்தில் ஒருவரும் களவு என்று சொல்ல மாட்டார்கள். நுனி கிள்ளினால்தான் கொடி கிளைக்கும். பிந்திப் பிடித்த பிஞ்சு எப்படியும் முற்றாது, கறிக்குத்தான். வீட்டுக்கு வந்தவள் வெறுங்கையோடு போகாமல் நாலு கொழுந்து கிள்ளிக்கொண்டு போனால் தோட்டக்காரிக்கும் சந்தோஷம். இப்படியெல்லாம் அன்றைக்கு நான் யோசித்துச் செய்யவில்லை. கை தானாகப் போயிற்று. ஆத்திரத்தில் இருந்த கை, வேகமாகவும் போயிற்று.

பை நிறையக் கொழுந்தும் பூவும். ஐந்து பிஞ்சு. மனம் கொஞ்சம் ஆறியிருந்தது. தேங்காய்ப்பூ போட்டு வறை, பிஞ்சில் ஒரு பால்கறி, மகளுக்குப் பிடிக்கும் என்று எண்ணிக்கொண்டு மேசையடிக்குத் திரும்பினேன்.

அங்கே ஒரு சிறுமி அழுதுகொண்டிருந்தாள். மகளுடைய வகுப்புப் பிள்ளைதான். வசந்தத்தில் மற்றவர்கள் விதை ஊன்றியபோது அவளுக்குக் கொப்புளிப்பான் அம்மை. அவள் பல நாள் கழித்துத்தான் ஊன்றியிருக்கிறாள், அவளுடைய காய் இன்னும் பிஞ்சாக இருந்தது. அதைக் கொடியிலேயே விட்டு, மேலே கண்ணாடிக் கூடு போட்டு வளர்த்துத் தருவதாகக் கமக்காரத் தம்பதி சொல்லியிருந்தார்கள். அவள் தகப்பனுக்குக் காட்டப் போனபோது கொடியில் காம்பு மட்டும் இருந்தது.

கமக்காரக் கிழவி என் பையைப் பார்த்தார். கேட்டு வாங்கினார், பறிக்கவில்லை. மேசையில் பணிசுகளுக்குப் பக்கத்தில் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். கொழுந்து. பூ. கொழுந்து. முதலாவது பிஞ்சு, இரண்டாவது பிஞ்சு. நாலாவது பிஞ்சைத் திருப்பிப் பார்த்தார். அதன் அடிப்பக்கத்தில், சின்னதாக, நகம் கீறியது போல எழுத்துகள் இருந்தன.

ஒருவரும் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்குப் பரவாயில்லை, நானும் தமிழில் நாலு வார்த்தை திருப்பிக் கொடுத்திருப்பேன். எல்லாரும் வேறெங்கோ பார்த்தார்கள். கிழவி மட்டும் பலகையைக் காட்டி, செவிடருக்குச் சொல்வது போலச் சத்தமாக, சொல் சொல்லாகக் கேட்டார். அதைப் பார்க்கவில்லையா? பெயர் உள்ளதைத் தொட வேண்டாம், கொடிகளைப் பிடுங்க வேண்டாம் என்று எழுதியிருக்கிறதே? எனக்குக் கேள்வி விளங்கியது. பதிலும் தெரியும். மன்னிக்கவும் என்பதற்கு டேனிஷில் என்ன சொல்வது என்று மொழிப் பாடசாலையில் முதல் கிழமையே படிப்பித்துவிட்டார்கள். நாக்கு எழும்பவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது, ஒரு வருடமாக என் பிள்ளை எப்படி நின்றாளோ அப்படி நான் நிற்கிறேன் என்று.

மகள் தன் மஞ்சள் காயை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டு வந்தாள். எனக்கும் கிழவிக்கும் நடுவில் நின்றாள். கிழவியை நிமிர்ந்து பார்த்து, டேனிஷில், ஒரு பிழை இல்லாமல், அந்த ஊர்ப் பிள்ளைகளின் அதே இழுவையோடு சொன்னாள்:

"என்ரை அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது."

டேனிஷில் அது ஐந்து சொற்கள். பிறகு அழுதுகொண்டிருந்த சிறுமியிடம் போய்த் தன் காயை அவள் கையில் கொடுத்து, நீ இதை எடு என்றாள். அதுவும் டேனிஷில்தான்.

ஆசிரியை இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு ஓடி வந்து அவளைத் தூக்கிக்கொண்டார். விஷயம் தெரிந்த பெற்றோர் கை தட்டினார்கள், தெரியாதவர்களும் தட்டினார்கள். கிழவியின் முகமே மாறிவிட்டது. என் தோளில் கை வைத்து, பரவாயில்லை, பரவாயில்லை என்றார்; கொழுந்தையும் பூவையும் மறுபடி பைக்குள் போட்டு என் கையில் தந்தார். வாசிக்கத் தெரியாத ஒரு பாவப்பட்ட பெண்ணை மன்னிப்பது எல்லாருக்கும் லேசாக இருந்தது. நான் யாழ்ப்பாணத்தில் ரீச்சர், எத்தனையோ பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தவள் என்று சொல்ல எனக்கு டேனிஷ் போதாது. போதுமானதாக இருந்திருந்தாலும் சொல்லியிருக்க முடியாது. சொன்னால் என் பிள்ளை பேசிய முதல் பேச்சுப் பொய்யாகிவிடும்.

வீட்டுக்கு வந்து வறை வறுத்தேன். கணவர் வேலையால் வந்ததும், பிள்ளை கதைத்துவிட்டாள் என்றேன். மனுசன் சப்பாத்தைக் கழற்றாமலே நிலத்தில் இருந்து அழுதார். "என்ன கதைச்சவள்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். மகள் சாப்பாட்டிலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். எனக்காக மன்னிப்புக் கேட்டவள் என்று சொன்னேன். அவள் மறுபடி சாப்பிடத் தொடங்கினாள். அந்த வறையில் எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை.

திங்கட்கிழமையிலிருந்து அவள் பாடசாலையில் பேசத் தொடங்கினாள். முதலில் ஆசிரியையோடு, பிறகு அந்தச் சிறுமியோடு, பிறகு எல்லாரோடும். வீட்டிலும் ஒரு புதுப் பழக்கம் வந்தது. பாடசாலைக் கடிதம், கொம்யூன் என்கிற நகரசபையின் கடிதம், பால் பெட்டியில் இருக்கும் எழுத்து எதுவானாலும் என் கையிலிருந்து வாங்கி எனக்கு வாசித்துக் காட்டுவாள். முதல் நாள் நான், தாவன் பிள்ளை, அம்மாவுக்கு வாசிக்கத் தெரியும் என்று சொன்னேன். அவள் வாயை மூடிக்கொண்டாள். முன்பு மூடிக்கொண்ட அதே மாதிரி. அதற்குப் பிறகு நான் அந்தப் பேச்சை எடுக்கவேயில்லை. பின்னேரங்களில் நான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்துவந்த தமிழ்ப் புத்தகம் மெல்ல மெல்ல அலமாரியிலேயே தங்கிவிட்டது. அதை எடுத்தால் யாருக்கு வாசிக்கத் தெரியும், யாருக்குத் தெரியாது என்ற கேள்வி வருமே.

மறு கூட்டம் நடக்கவில்லை. சில நாட்களில் பாடசாலையிலிருந்து கடிதம் ஒன்று வந்தது. வீட்டில் அப்போது நான் தனியே. ஆங்கிலம் எனக்குத் தெரியும். டேனிஷ்–ஆங்கில அகராதியை மடியில் வைத்துக்கொண்டு, சொல் சொல்லாகத் தேடி, ஒரு மணித்தியாலத்தில் முழுவதையும் வாசித்துவிட்டேன். பிள்ளை சாதாரண வகுப்பிலேயே தொடரலாம், விசேட வகுப்புத் தேவையில்லை என்று எழுதியிருந்தது. தாய்க்கு எழுத்தறிவு இல்லாததால், பிள்ளை வீட்டில் தாய்க்கு வாசித்துக் காட்டுவதை ஊக்குவிக்கும்படியும் எழுதியிருந்தது. இருந்து அழுதேன். எந்த வரிக்கு அழுதேன் என்று இன்றைக்கும் எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது. பிறகு முகம் கழுவி, கடிதத்தை மடித்து உறைக்குள் போட்டு, பசை தடவி ஒட்டி மேசையில் வைத்தேன்.

மகள் வந்து புத்தகப் பையை இறக்கினாள். உறையைக் கண்டதும் எடுத்துப் பிரித்து, என் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஒவ்வொரு சொல்லின் கீழும் விரலை வைத்து, நான் அரிவரிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்த அதே முறையில், உரத்த குரலில் வாசித்தாள். தெரியாத சொல்லில் நின்றாள், எழுத்துக் கூட்டினாள், தாண்டினாள். அந்தச் சொல் என்னவென்று எனக்குத் தெரியும். சொல்லாமல் விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

முடித்ததும் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "விளங்கிச்சோ அம்மா?"

"ஓம் பிள்ளை," என்றேன். "இப்பதான் விளங்கினது."